முதுசக் காணியில் ஒரு பங்கு வெளியே போகும்போது

கொஞ்சம் நீளமான பதிவு. பிரிக்காத காணி உள்ள வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

உம்மாவின் வாப்பா விட்டுப்போன ஒரு பனங்காணி எங்களுக்கு இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. அதில் ஒரு பங்கை, புத்தளத்தில் இருக்கும் உறவினர் ஒருவர் ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு விற்றுவிட்டார். வேலிக்கட்டை நட ஆள் வந்த அன்றுதான் எங்களுக்கே தெரியும். அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. மகளின் கலியாணம், கையில் காசில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதே விலைக்கு நாங்களே எடுத்திருப்போம். அந்த 'ஒரு வார்த்தை'க்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தேடி வாசித்ததில் கிடைத்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நம் மார்க்கத்தில் இருப்பது. ஷுஃப்ஆ என்ற சொல்லை ஓதல் பள்ளியில் கேட்டிருப்பீர்கள். கூட்டாளியிடம் சொல்லாமல் பங்கை விற்கக் கூடாது, சொல்லாமல் விற்றால் அதே விலையைக் கொடுத்து அந்தப் பங்கை எடுத்துக்கொள்ளும் உரிமை கூட்டாளிக்கு உண்டு என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ்கள் சொல்கின்றன. எல்லை போட்டு, பாதை பிரித்து முடிந்தபின் அந்த உரிமை இல்லை. ஹனஃபி மத்ஹபில் பக்கத்துக் காணிக்காரருக்கும் இது உண்டு. நாம் பின்பற்றும் ஷாஃபிஈயில் பங்காளிக்கு மட்டும்தான். கேள்விப்பட்ட உடனே கேட்கவும் வேண்டும், வருடக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் இலங்கைச் சட்டத்தில் முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கும் நன்கொடைக்கும் இருக்கும் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் ஷுஃப்ஆ பற்றி ஒன்றும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 1870இல் சென்னை உயர் நீதிமன்றம், இந்த உரிமை விற்பவனின் சுதந்திரத்தைக் கட்டிப்போடுகிறது என்று சொல்லி முஸ்லிம்களுக்கிடையிலும் அதை ஏற்க மறுத்தது.

அப்படியானால் நமக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அது வந்த பாதைதான் ஆச்சரியம்.

ஒல்லாந்தர் காலத்தில் மன்னார், யாழ்ப்பாண நிர்வாகத்தின் கீழ் இருந்தது. ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இந்தப் பகுதி மக்களின் வழக்கங்களைத் திரட்டி 1707இல் எழுதிக் கொடுத்தார். தமிழில் பெயர்த்து 12 முதலிமாரிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். அதுதான் தேசவழமை. 1806இல் ஆங்கிலேயர் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள்.

அதில் காணி விற்பனை பற்றிய பகுதியை வாசித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாரிசுகள், பங்காளிகள், காணியை ஒற்றிக்கு வைத்திருக்கும் அயற்காணிக்காரர் ஆகியோருக்கு அறிவித்த பிறகே வெளியாளுக்கு விற்கலாம். பழைய வழக்கத்தில் அறிவித்தலுக்குத் தவணையும் இருந்திருக்கிறது. அதே ஊரில் இருப்பவருக்கு ஒரு மாதம். அதே மாகாணத்தில் வேறு ஊரென்றால் மூன்று மாதம். வேறு மாகாணமென்றால் ஆறு மாதம். கடல் கடந்திருந்தால் ஒரு வருடம். தூரத்தை அளந்து பொறுமையை வைத்திருக்கிறார்கள்! ஒல்லாந்தர் இதை மாற்றி, மூன்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அறிவித்தால் போதும் என்றாக்கினார்கள். பள்ளிவாசலுக்குப் போகிறவர் காதில் அது எங்கே விழப்போகிறது?

பிறகு 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முற்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் வந்தது. பங்கை விற்க நினைப்பவர் கூட்டுரிமையாளருக்கும் வாரிசுகளுக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விற்றால் அவர்கள் நீதிமன்றம் போய், விலையைக் கட்டிக் காணியை மீட்கலாம்.

"தேசவழமை தமிழருக்குத்தானே, டீச்சர்?" என்று கேட்பீர்கள். சீதனம், தேடியதேட்டம், வாரிசுரிமை போன்றவற்றில் அது அவர்களுக்குத்தான். ஆனால் முற்கொள்வனவுப் பகுதி ஆளைப் பார்ப்பதில்லை, வடக்கு மாகாண மண்ணைப் பார்க்கிறது என்பதே சட்ட நூல்களில் பொதுவாகச் சொல்லப்படும் நிலைப்பாடு. நம் கிதாபில் இருந்தும் நீதிமன்றத்தில் கிடைக்காத உரிமை, அயலவரின் வழமை வழியாக நம் வாசலுக்கு வந்திருக்கிறது.

இது நமக்கு ஏன் இவ்வளவு அவசியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒருவர் மனைவியையும் இரண்டு மகன்களையும் மூன்று மகள்களையும் விட்டு மௌத்தாகிறார். காணி எட்டுப் பங்கு. மனைவிக்கு ஒன்று, மகன்களுக்கு இரண்டிரண்டு, மகள்களுக்கு ஒவ்வொன்று. பிறகு அந்த உம்மாவும் மௌத்தாக, அவருடைய எட்டில் ஒன்று ஏழாக உடைகிறது. ஒரு மகளுக்கு அதில் 56இல் ஒன்று. (பின்னம் படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.) இரண்டு தலைமுறை கழிந்தால் யாருக்கு எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை. 1990 ஒக்டோபரில் நம்மை வெளியேற்றியபோது வள்ளத்தில் கல்பிட்டிக்குப் போனவர்களில் எத்தனை பேர் உறுதியைக் கையில் எடுத்தார்கள்? இன்று ஒரே காணியின் வாரிசுகள் எருக்கலம்பிட்டியிலும் புத்தளத்திலும் கட்டாரிலும் இருக்கிறார்கள். காற்றாலை, கனிய மணல் என்று தீவின் மண்ணைத் தேடி ஆள் வரும் காலமும் இது.

எட்டில் ஒன்றை வாங்கிய வெளியாளும் கூட்டுரிமையாளர்தான். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் அவரும் வழக்குப் போடலாம். பிரிக்க முடியாத காணியென்றால் முழுவதும் விற்பனைக்குப் போகும் நிலைகூட வரலாம்.

இன்னொன்று. விற்றுவிட்டு 'நன்கொடை' என்று உறுதி எழுதும் தந்திரம் பழையது. முற்கொள்வனவு விற்பனைக்குத்தான் உண்டு என்பதால் அப்படிச் செய்கிறார்கள். உறுதியில் எழுதும் விலையை ஏற்றிக் காட்டுவதும் அதே வகை. உங்கள் காணியில் இப்படி நடந்திருந்தால் தாமதிக்காமல் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வழக்குக்குக் காலக்கெடு உண்டு. நான் சட்டம் படித்தவள் இல்லை.

எங்கள் பனங்காணி விஷயமாக மாமா போன கிழமை சட்டத்தரணியிடம் போனார். அவர் கேட்ட முதல் கேள்வி, வாரிசுகள் எத்தனை பேர்? அன்றிரவு நானும் உம்மாவும் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினோம். இதுவரை 31 பெயர். கல்பிட்டியிலிருக்கும் சாச்சியின் பிள்ளைகளை இன்னும் சேர்க்கவில்லை.