செவிடு
செவிடு (பெயர்ச்சொல்): ‘செவி’யின் அடியாகப் பிறந்தது, காது கேளாமை. தெலுங்கில் செவுடு, கன்னடத்தில் கிவுடு. காதை ஒட்டிய கன்னத்துக்கும் இதே பெயர்: ‘செவிட்டில் ஒன்று விட்டான்.’

முதுமையில் வரும் செவிடு முழு நிசப்தமல்ல. உயர் அதிர்வெண் ஒலிகள்தான் முதலில் நழுவும். ச, த, ப போன்ற மெய்கள் மங்க, உயிரொலிகள் நிற்கும். ஸ்ரீரங்கத்தில் கோயில் மணி தெளிவாகக் கேட்கும் பாட்டிக்கும், பேத்தியின் ‘சாதம் போடவா?’ பாதி எழுத்து உதிர்ந்தே வந்து சேரும்.

வழக்கில் மேல் கீழ் உண்டு. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் சொந்த வீடுள்ளவருக்கு ‘காது கொஞ்சம் மந்தம்’. திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவருக்கு ‘ஏய், செவிடா?’. முன்னவருக்குக் காதுக் கருவி வரும். பின்னவருக்குக் கூலி போகும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆளைப் பார்ப்பதில்லை, அளவைப் பார்க்கிறது: பேச்சொலி அதிர்வெண்களில் இரு காதிலும் 70 டெசிபல் இழப்பு என்றால் காது கேளாதவர்; 60 முதல் 70 வரை என்றால் செவித்திறன் குறைந்தவர்.

‘செவிடன்’, ‘செவிடி’ இன்று ஏச்சு. எழுத்தில் ‘காது கேளாதவர்’ என்பதே முறை.