ஒலிம்பிக் கூடைப்பந்து ஞாபகார்த்தப் பொருள்கள்

ஒலிம்பிக் கூடைப்பந்தாட்டத்தோடு சம்பந்தப்பட்ட பதக்கம், சட்டையில் குத்திக்கொள்ளும் பின், நுழைவுச்சீட்டு, தபால்தலை முதலிய வஸ்துக்களைத் தேடிச் சேர்த்து, அவற்றின் பூர்வோத்தரத்தை எழுதிவைத்துப் பேணுவதே ஞாபகார்த்தப் பொருள் சேகரிப்பாகும். நம் மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பந்து என்றால் கால்பந்துதான். கூடைப்பந்தோ சிரம்பான் முதலிய பட்டணங்களின் சீனப்பள்ளி முற்றங்களில் வேரூன்றிய ஆட்டம். மலேசிய அணி ஒலிம்பிக் கூடைப்பந்தில் இதுவரை ஆடியதில்லை. எனினும் அண்டையிலுள்ள சிங்கப்பூர், 1956ஆம் ஆண்டு மெல்போர்னில் பதினைந்து அணிகளுள் ஒன்றாக ஆடிப் பதின்மூன்றாம் இடம் பெற்றது. அதே போட்டியில் தங்கம் வென்ற அமெரிக்கரான பில் ரஸ்ஸலின் பதக்கம், 2021ஆம் ஆண்டு ஏலத்தில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று.

பின்களின் சரித்திரம் 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் போட்டியில், வீரர்களும் நடுவர்களும் அணிந்த அட்டை வில்லைகளிலிருந்து தொடங்குகிறது. பின்னர் அவை எனாமல் பூசிய உலோகச் சின்னங்களாகி, 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் போட்டியில் முன்பின் அறியாதவர்களும் வீதியில் நின்று மாற்றிக்கொள்ளும் பொருள்களாயின. நம் நாட்டார்க்கு இதில் ஒரு விசேஷம் உண்டு: 1956, 1960 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளில் மட்டுமே நாம் மலாயா என்ற பெயரில் கலந்துகொண்டோம், 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் மலேசியா ஆகிவிட்டோம். ஆதலால் சின்னத்தில் பொறித்த நாட்டுப் பெயரே அதன் காலத்தை உரைத்துவிடும்.

கூடைப்பந்துக்கு முதன்முதலாகப் பதக்கம் வழங்கப்பட்டது 1936ஆம் ஆண்டு பெர்லினில். கொட்டும் மழையில், சேறாகிப்போன திறந்தவெளி மண்தரையில், அமெரிக்கா கனடாவை 19-8 என வென்ற அந்த இறுதியாட்டத்தின்போது, ஆட்டத்தைத் தோற்றுவித்த ஜேம்ஸ் நேய்ஸ்மித்தும் பெர்லினில் இருந்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சு நெகிழ்கிறது. 1928 முதல் 2000 வரை பதக்கத்தின் முகப்பில் இத்தாலியச் சிற்பி காசியோலி வரைந்த வெற்றித் தேவதை வீற்றிருந்தாள். அக்கிரேக்க தேவதையின் பின்னணியில் ரோமாபுரியின் வட்டரங்கு காணப்பட்ட பிழை 2004ஆம் ஆண்டிலேதான் நீங்கிற்று. தங்கப்பதக்கம் முழுத் தங்கமன்று. வெள்ளியின்மீது ஆறு கிராமுக்குக் குறையாத தங்கம் பூசப்பட்டது.

இவ்வாட்டத்தின் பதக்கங்களுள் அதிக ஆவலைத் தூண்டுவன, எந்தச் சேகரிப்பாளர் கைக்கும் வாராதவையே. 1972ஆம் ஆண்டு மூனிக்கில் கடைசி மூன்று வினாடிகள் மீண்டும் ஆடப்பட்டு, சோவியத் அணி 51-50 என வென்றதாக அறிவிக்கப்பட்டபோது, அமெரிக்க வீரர் பன்னிருவரும் வெள்ளிப்பதக்கங்களை ஏற்க மறுத்தனர். அவருள் ஒருவரான கென்னி டேவிஸ், தம் மனைவி மக்களும் அதை ஒருக்காலும் பெறலாகாது என்று உயிலே எழுதிவைத்தார். அதே மூனிக்கில் மலேசியக் கால்பந்து அணி அமெரிக்காவை 3-0 என வென்றதனால், அவ்வாண்டின் எச்சங்கள்மீது தோட்டத்து மக்களுக்குத் தனி அபிமானம் இருப்பது நியாயமே.

பாதுகாப்பு முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்ப்பதுபோல் பதக்கத்தையும் தேய்த்துவிட்டால், பூச்சுப் போய், எழுத்து மழுங்கி, பொருளின் மதிப்பே கெட்டுவிடும். இந்நாட்டு ஈரக்காற்றில் நாடாவில் பூசணம் படரும். பின்னின் முதுகுப்புறத்து ஊசி துருவேறும். மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, உலர்ந்த பெட்டியில் வைப்பதே உத்தமம். இவற்றினும் முக்கியமானது, பொருள் யாரிடமிருந்து, எந்த ஆண்டில், எவ்வாறு வந்தது என்று எழுதிய சீட்டு. நீலாய், லாபு வட்டாரங்களில் பால்மரக் காடுகள் வீட்டுமனைகளாக மாறி, லயங்கள் இடிக்கப்பட்டுக் குடும்பங்கள் பிரிந்த காலத்தில், தகரப்பெட்டியில் கிடந்த தோட்டத்துப் பந்தயப் பதக்கங்களும் கோப்பைகளும் இடம்பெயர்ந்தன. அவற்றிலும் சீட்டு உள்ளவற்றுக்கே இன்று உரியவர் பெயர் தெரியும்.