மார்க் ஷீட்டா, செஞ்சு காட்டுறதா?

பெரியபாளையத்துல ரெண்டு பசங்கன்னு வெச்சுக்கோங்க. ஒருத்தர் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வெல்டர் வேலைக்குப் போறார். ரெண்டு தகட்டைக் கொடுத்து, ‘ஒட்டிக் காட்டுப்பா’ன்னு ட்ரேடு டெஸ்ட் வைப்பாங்க. இன்னொருத்தர் சாஃப்ட்வேர் வேலைக்குப் போறார். பத்தாவது, பன்னிரண்டாவது, காலேஜ் மூணுலயும் 60 சதவீதம் இருக்கா, அரியர் இருக்கான்னுதான் முதல்ல பார்ப்பாங்க. பல கேம்பஸ் இன்டர்வியூக்கள்ல இதுதான் வாசல். அவர் கோடு எழுதுவாரான்னு அந்த வாசல்ல யாரும் கேட்கிறதில்லை.

இது எப்படி ஆரம்பிச்சது? 1950கள்ல ப்ரோக்ராமருக்குன்னு தனிப் படிப்பே கிடையாது. ஆளை எப்படித் தேர்ந்தெடுக்கிறது? ஐபிஎம் ஒரு திறனறித் தேர்வைக் கொண்டுவந்தது. எண் வரிசை, படப் புதிர், கணக்கு. நீங்க எழுதுற ஆப்டிட்யூட் டெஸ்ட்டுக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா. அந்த மார்க்கை வெச்சு வேலைத் திறமையைச் சொல்ல முடியலைன்னு 1960கள்லயே விமர்சனம் வந்தாச்சு. ஆனாலும் அது போகலை. ஏன்னா, கூட்டத்தைக் குறைக்க அது சுலபமான வழி.

இந்த வழக்கத்தை உடைச்சுப் பார்த்தது நம்ம சென்னைக் கம்பெனிதான். அப்போ பேரு அட்வென்ட்நெட், 2009ல இருந்து ஜோஹோ. எந்தக் காலேஜ், எவ்வளவு மார்க் என்பதற்கும் வேலையில காட்டுற திறமைக்கும் பெரிய தொடர்பு இல்லைன்னு ஸ்ரீதர் வேம்பு கவனிச்சார். 2005 வாக்குல பிளஸ் டூ முடிச்ச ஆறு பேரோட ஒரு பள்ளியைத் தொடங்கினாங்க. ஃபீஸ் கிடையாது, மாசாமாசம் உதவித்தொகை. ப்ரோக்ராமிங், கணக்கு, இங்கிலீஷ். அரை மணி நேர இன்டர்வியூவுல எடைபோடாம, மாசக்கணக்குல பக்கத்துல இருந்து பார்த்தாங்க. பின்னாடி தென்காசியிலயும் இதே பாணிதான்.

என் கணக்குல அது ஒரு நீளமான ட்ரேடு டெஸ்ட். ஆனா செலவு பிடிக்கும், பொறுமை வேணும். எல்லாக் கம்பெனியாலயும் முடியாது.

முடியாதவங்க என்ன பண்ணலாம்? மூளையைக் குழப்புற புதிர்க் கேள்விகளால பிரயோஜனமே இல்லைன்னு கூகுளோட மனிதவளத் தலைவர் லாஸ்லோ பாக் 2013ல வெளிப்படையா சொன்னார். பழைய ஆய்வுகளை மறுபடி அலசி 2022ல வந்த ஒரு கட்டுரையில முதலிடம் பிடிச்சது, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோல்ல மதிப்பெண் போடுற நேர்காணல். செஞ்சு காட்டச் சொல்ற தேர்வும் பட்டியல்ல மேலேயே இருக்கு; ஆனா நாம நம்பின அளவுக்கு இல்லை. அதனால ரெண்டையும் சேர்த்து வைக்கணும்னு நான் சொல்வேன். பிழை இருக்கிற நிஜக் கோடு ஒண்ணு, ரெண்டு மணி நேரம், கூடவே அதைப் பத்தி எல்லாருக்கும் ஒரே கேள்விகள். மார்க் ஷீட்டை அதுக்கப்புறம் வாங்கிப் பார்த்துக்கலாம்.