பெண் பார்த்தல்: கொங்கு நாட்டில் ஒரு வழக்கத்தின் வரலாறு

திருமணத்துக்கு முன் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் எந்த அளவுக்கு அறியலாம், யார் யாரைத் தேர்ந்தெடுக்கலாம், அதற்கான செலவு யாருடையது, தேர்வு தவறாகிப்போனால் பழி யார்மேல் விழும் என்னும் கேள்விகள் இன்று கோயம்புத்தூரின் மென்பொருள் அலுவலகங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் ‘டேட்டிங்’ என்ற சொல்லோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. மண உறுதி ஏதுமின்றி இருவர் சில காலம் பழகிப் பார்ப்பதையே அச்சொல் குறிக்கிறது. சொல் புதியது என்றாலும் கேள்விகள் பழையவை; கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களையும் சேலத்தின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய கொங்கு நாட்டில் அவை ஒவ்வொரு தலைமுறையிலும் வெவ்வேறு வடிவில் எழுந்து, பெரும்பாலும் பெண்ணுக்கு ஒரு நெறி, ஆணுக்கு ஒரு நெறி என்ற விடையையே பெற்றுவந்துள்ளன. அந்த விடை உருவான இடங்களில் முதன்மையானது ‘பெண் பார்த்தல்’ என்னும் வழக்கம்.

பெண் பார்த்தல் பழங்காலம்தொட்டு வருவது என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், இன்றைய வடிவில் அது அவ்வளவு பழையதாக இருக்க முடியாது. கொங்கு வேளாளரும் இப்பகுதியின் பிற உழுகுடிகளும் நெடுங்காலம் முறைப்பெண்ணை மணப்பதையே விரும்பினர். தாய்மாமன் மகள், அத்தை மகள் ஆகியோர்மீது ஆணுக்கு ‘உரிமை’ உண்டு என்பது அதன் அடிப்படை. வேளாளரிடையே ‘கூட்டம்’ எனப்படும் குலப்பிரிவுகள் உண்டு. ஒரே கூட்டத்தார் பங்காளிகள் ஆதலால் தங்களுக்குள் மணம் செய்வதில்லை. பிற கூட்டத்தார் மாமன் மச்சான் முறையாவர். நோம்பிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்துபோகும் உறவில், சிறுவயது முதல் கண்ணெதிரே வளர்ந்த ஒரு பெண்ணைத் தனியே சென்று ‘பார்க்க’ வேண்டிய தேவை எழவில்லை. அந்த ஏற்பாட்டில் பெண்ணின் விருப்பத்துக்கு இடம் இருந்ததில்லை என்பது உண்மை. ஆயினும் ஆணின் விருப்பத்துக்கும் அதிக இடம் இருந்ததில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காங்கேயம் வட்டாரத்திலுள்ள ஓலப்பாளையத்தில் 1960களின் நடுவில் தங்கி ஆய்வு செய்து, 1972இல் கொங்கு நாட்டுச் சமூகம் பற்றிய நூலை வெளியிட்ட மானிடவியலாளர் பிரெண்டா பெக், இத்திருமண முறையின் சடங்குகளை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அவற்றுள் ‘இணைச்சீர்’ இங்கே குறிப்பிடத்தக்கது. மணமகனுக்கு அவனுடைய உடன்பிறந்தாள் செய்யும் இச்சீர், அண்ணன் தங்கை உறவு திருமணத்தோடு அறுந்துபோவதில்லை என்பதையும், அடுத்த தலைமுறையில் கொடுத்து வாங்கும் உறவு தொடரும் என்பதையும் ஊரறியச் சொல்வது. திருமணத்தை நடத்துபவர் ‘அருமைக்காரர்’ எனப்படும் சமூகப் பெரியவர். ‘குடிமகன்’ எனப்படும் நாவிதர் பாடும் மங்கல வாழ்த்தும் அதில் உண்டு. இணைச்சீர் போன்ற சடங்குகளில் பெண்களுக்குச் சிறப்பான இடம் இருந்த அதே சமூகத்தில், கணவனை இழந்தவள் வெள்ளைச் சேலை உடுத்தி மங்கல நிகழ்வுகளிலிருந்து விலகி நிற்க வேண்டியிருந்தது. மனைவியை இழந்தவனுக்கோ உடை மாறவில்லை, மறுமணத்துக்குத் தடையும் இருந்ததில்லை. கொங்கு நாட்டின் இரட்டை அளவுகோலுக்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது பணம். 1888இல் தொடங்கப்பட்ட ஸ்டேன்ஸ் மில் கோவையின் ஆலை வரலாற்றுக்கு வித்திட்டது. 1930களில் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தபோது நூற்பாலைகள் பெருகின. பின்னர் கிணறுகளில் மின்மோட்டார் ஓடத் தொடங்கியதும் மேட்டுக்காடுகள் தோட்டங்களாயின. பருத்தியும் மஞ்சளும் விளைந்த வீடுகளின் பிள்ளைகள் ஆலை, விசைத்தறி, லாரி, பின்னலாடை எனப் புதுத் தொழில்களுக்குப் போயினர். வசதியில் ஏறிய குடும்பம் அதே வசதியுள்ள இடத்தில் சம்பந்தம் தேடியபோது, அத்தை மகளைத் தாண்டி அறிமுகமில்லாத வீடுகளுக்குத் தரகர் வழியாகப் போக வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் கொடுத்துவந்த பழைய வழக்கம் அடையாள அளவுக்குச் சுருங்க, பெண் வீட்டார் நகையும் பணமும் கொடுக்கும் வரதட்சணை வளர்ந்தது. கோவை மாவட்டத்துக் கிராமங்களை ஆய்ந்த பொருளியலாளர் ஜூடித் ஹேயர், இந்த வரதட்சணை வெறும் சடங்குச் செலவாக நிற்காமல், குடும்பங்களுக்கிடையே முதல் திரளவும் கைமாறவும் வழியாக இருந்ததை 1992இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். ‘எத்தனை பவுன் போடுவீங்க’ என்ற கேள்வியின் பின்னால் ஒரு தொழிலுக்கான முதலீடும் இருந்தது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் அந்தக் கேள்வியின் குரலைத் தாழ்த்தியதே தவிர, கேள்வியை நிறுத்தவில்லை.

பெண் பார்த்தல் இந்தச் சூழலில்தான் நிலைபெற்றது. முதலில் இரு ஜாதகங்களும் பார்க்கப்படும்; பின்பு குலதெய்வக் கோயிலில் பூ வைத்து வாக்குக் கேட்கப்படும்; புறப்படும்போது சகுனம் பார்க்கப்படும்; பெண் வீட்டில் பல்லி சொல்வதும் கவனிக்கப்படும். அதன் பிறகு பெண் காப்பித் தட்டோடு வந்து நிற்பாள். நடையும் நிறமும் கூந்தலும் குரலும் அங்கே அளக்கப்படும். எல்லாம் சரியென்றால் ‘உப்புச் சர்க்கரை மாற்றுதல்’ எனப்படும் உறுதிச் சடங்கு நடக்கும். தெய்வத்தின் இசைவு, கோள்களின் இசைவு, பல்லியின் இசைவு என ஒவ்வொன்றும் கேட்கப்பட்ட அந்த வரிசையில் பெண்ணின் இசைவைக் கேட்பதற்கென்று ஒரு படி இல்லை. முறை மணத்தில் இருவருக்குமே இல்லாதிருந்த தேர்வு, காலம் மாறியபோது ஆணுக்கு மட்டும் வந்து சேர்ந்தது. வசதி வளர வளரப் பெண்ணின் நிலை தானே உயரும் என்று நம்புவோர் இந்த மாற்றத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இந்த ஓரவஞ்சனையைத் தமிழில் மிகக் கடுமையாகக் கண்டித்த குரலும் கொங்கு நாட்டிலிருந்தே எழுந்தது. ஈரோட்டில் பிறந்த பெரியார், இளவயதிலேயே கணவனை இழந்த தம் உடன்பிறந்தாள் மகளுக்கு 1909இல் உறவினர் எதிர்ப்பை மீறி மறுமணம் செய்துவைத்தார். 1925 மே மாதம் ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ இதழைத் தொடங்கினார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்ற நூலின் முதற்கட்டுரை கற்பைப் பற்றியது. கற்பு ஒரு நெறி என்றால் அது இருபாலருக்கும் ஒரே நெறியாக இருக்க வேண்டும், ஒரு பாலை மட்டும் கட்டுப்படுத்தும் நெறி அடிமைத்தனமே என்பது அவர் வாதம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமையும் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வேண்டும் என்று தீர்மானித்தது. புரோகிதரோ சடங்கோ இல்லாமல், மணமக்கள் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவித்து மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளும் சுயமரியாதைத் திருமணம், அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய சட்டத் திருத்தத்தால் செல்லுபடியாயிற்று. பெண்ணும் வாய்திறந்து ‘ஏற்கிறேன்’ என்று சொல்வதைத் திருமணத்தின் மையமாக்கியது அதன் பெருமை. சொத்துரிமை 60 ஆண்டுகள் காத்திருந்தது: 1989 மார்ச் 25 முதல் செயலுக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு அளித்தது, ஆனால் அந்நாளுக்கு முன்பே மணமாகிவிட்ட மகள்களை அது விலக்கி வைத்தது.

சொத்தில்லாத வீடுகளின் பெண்களுக்கு நேர்ந்தது வேறு. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் 1990களில் பரவிய ‘சுமங்கலித் திட்டம்’, பதின்வயதுப் பெண்களைப் பெரும்பாலும் 3 ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்த்து, தினக்கூலியில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, முடிவில் மொத்தத் தொகையாக, பொதுவாக 30,000 முதல் 50,000 ரூபாய் வரை, தருவதாக உறுதியளித்தது. கணவன் உயிரோடிருக்கும் மனைவியைக் குறிக்கும் சொல்லே அதற்குப் பெயராயிற்று. அந்தத் தொகை எதற்கு என்பதை வேலைக்கு எடுத்த தரகர்கள் மறைக்கவும் இல்லை. தன் வரதட்சணையைத் தானே உழைத்துச் சேர்க்க வேண்டிய நிலைக்கு ஏழைப் பெண் தள்ளப்பட்டாள். நோயாலோ வேறு காரணத்தாலோ இடையில் விலகிய பலருக்கு வாக்களித்த தொகை கிடைக்கவில்லை என்பதைத் தொண்டு நிறுவனங்களின் ஆய்வறிக்கைகள் பதிவு செய்துள்ளன.

இத்திட்டத்தின் விடுதி விதிகள் கூலிக் கணக்கைப் போலவே கவனிக்கத்தக்கவை. பல ஆலை விடுதிகளில் பெண்கள் தனியே வெளியே செல்ல முடியவில்லை, கைபேசிக்குத் தடை இருந்தது, வீட்டாரோடு பேசும்போதும் காப்பாளர் அருகில் இருந்தார். ‘பெண்ணைப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்’ என்பது பெற்றோருக்குச் சொல்லப்பட்ட உறுதி. அதே ஆலைகளில் வேலை செய்த ஆண்கள் ஷிப்ட் முடிந்ததும் தம் விருப்பப்படி போனார்கள், வந்தார்கள். காவல் எப்போதும் பெண்ணின்மேல்தான் வைக்கப்பட்டது. அவள் எவரிடமிருந்து காக்கப்பட வேண்டும் என்று கருதப்பட்டதோ அவர்களின் நடத்தைமீது எந்த விதியும் எழுதப்படவில்லை.

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலகங்கள் வேறொரு கதவைத் திறந்தன. பல ஊர்களிலிருந்து வந்த ஆண்களும் பெண்களும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்ததால் காதல் திருமணங்கள் மிகுந்தன. இதை ஆய்ந்து 2016இல் கட்டுரை எழுதிய மானிடவியலாளர் கீர்ட் டி நீவ், காதலித்து மணந்தவர்கள் உறவினரின் பண உதவியையும் ஆதரவையும் இழந்து தொழிலில் முன்னேற வழியின்றி நிற்க நேர்வதைக் காட்டினார். அந்த விலையில் பெரும்பங்கு பெண்ணுடையது. அதை ஊர்வழக்கே சொல்லிவிடுகிறது: ஒரே நாளில் ஒரே பேருந்தில் ஏறிச் சென்ற இருவரில், அவன் ‘கூட்டிக்கிட்டு வந்துட்டான்’, அவள் ‘ஓடிப் போயிட்டா’. அவனுடைய செயல் ஒரு கையகப்படுத்தல். அவளுடையது ஒரு குற்றம்.

சாதி எல்லையைத் தாண்டும்போது இந்தக் கணக்கு உயிரைக் கேட்டது. 2015 ஜூன் 23 அன்று, திருச்செங்கோட்டு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் உடன் படித்த தோழியோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் என்னும் பட்டியல் சாதி இளைஞர் கடத்திச் செல்லப்பட்டு, மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச் மாதம் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஆணும் பெண்ணும் சரிபாதியாக ஓருருவில் நிற்கும் தெய்வத்தின் சன்னிதியில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பேசிக்கொண்டிருந்தது மட்டுமே அங்கே நடந்தது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் என்னும் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டதும் மாற்றுச் சாதிப் பெண்ணை மணந்ததற்காகவே. பெண்ணின் தேர்வைக் குடும்பத்தின் சொத்திழப்பாகக் கருதும் மனநிலையே இரண்டுக்கும் வேர்.

பெண் குழந்தையை வரதட்சணைச் சுமையாக எண்ணிய காலத்தின் விளைவும் இப்போது வந்து சேர்ந்துவிட்டது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில்தான் தொடங்கப்பட்டது. 2001 கணக்கெடுப்பில் அம்மாவட்டத்தில் 6 வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தனர். இன்று தோட்டத்தை நம்பி ஊரிலேயே இருக்கும் ஆண்கள் பலருக்குப் பெண் கிடைக்கவில்லை. கேரளம் வரை சென்று பெண் எடுத்து, திருமணச் செலவையும் மாப்பிள்ளை வீட்டாரே ஏற்கும் குடும்பங்கள் உண்டு. படித்த பெண்கள் மாப்பிள்ளையின் படிப்பையும் பழக்கத்தையும் கேட்கத் தொடங்கியிருப்பதை ‘பொண்ணுங்க ரொம்பக் கேக்கறாங்க’ என்று குறை சொல்வோர், முந்தைய தலைமுறை பவுன் கணக்குக் கேட்டதைக் குறையாகச் சொன்னதில்லை.

உணவகத்தில் பணம் யார் கொடுப்பது, முதலில் விருப்பத்தைச் சொல்வது யார், பிரிந்தபின் யாருடைய பெயர் கெடும் என்று இன்றைய கோவையின் இளையோர் வாதிடுவது இந்த நீண்ட கணக்கின் தொடர்ச்சியே. கைபேசிச் செயலியில் அறிமுகமாகும் இருவரில் பல பேரோடு பழகிய ஆண் அனுபவசாலியாகவும் அதையே செய்த பெண் ஒழுக்கமற்றவளாகவும் பேசப்படுவது, வெள்ளைச் சேலையை ஒரு பாலுக்கு மட்டும் உடுத்திய அதே அளவுகோல். பெண் பார்க்கும் வழக்கமும் மறையவில்லை. கொங்குத் திருமணத் தகவல் மையங்களும் இணையதளங்களும் அதற்குப் புதிய வாசல்களாகியுள்ளன. காப்பி குடித்து எழுந்திருக்கும்போது ‘வீட்டுக்குப் போய்ச் சொல்லியனுப்பறோம்’ என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வதும், பெண் வீட்டார் அந்தப் பதிலுக்காகத் தொலைபேசி அருகே காத்திருப்பதும் இன்றும் நடக்கின்றன. மகனுக்குப் பெண் தேடும் கொங்குக் குடும்பங்கள் இனியாவது அந்த வாக்கியத்தைச் சொல்லாமல், பெண்ணின் பதில் முதலில் வரட்டும் என்று தங்கள் வீட்டில் காத்திருக்க வேண்டும்.