மைலுக்கு ஒரு ரோடு

போன வருஷம் அமெரிக்காவில் இருக்கிற தங்கச்சி மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். கார்ல கூடாரத்தைப் போட்டுக்கிட்டு அயோவா மாநிலத்தைச் சுத்தலாம்னு சொன்னேன். "அங்க என்ன மாமா இருக்கு? மக்காச்சோளமும் சோயாவும்தான்" என்றான். அதைப் பாக்கத்தானே கேட்டேன்!

அவசரமில்லாமல் சின்ன ரோடுகளிலேயே போனோம். மைலுக்கு ஒரு குறுக்கு ரோடு, எல்லாம் நேர்கோடு. காரணம் 1785-ல் போட்ட ஒரு சட்டம். புதுசா விடுதலை வாங்கிய நாட்டுக்குப் போர்க் கடன்; நிலத்தை விற்றால்தான் காசு. அதனால் பூமியை 6 மைல் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 துண்டாகப் பிரித்தார்கள். 16-ஆவது துண்டு பள்ளிக்கூடத்துக்கு. அளந்தது 66 அடிச் சங்கிலியால். 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அதில் நூற்றில் ஒரு பங்குதான் நம்ம ஊர் சென்ட்.

சில இடங்களில் நேராப் போற ரோடு சட்டென்று முட்டி, கொஞ்சம் தள்ளி மறுபடி தொடங்கும். ஒரு தடவை சோளக்காட்டுக்குள்ளயே இறங்கப் பார்த்தோம். பூமி உருண்டை; வடக்கே போகப்போக தீர்க்கரேகைகள் நெருங்கும். சதுரம் கெடாமல் இருக்க அங்கங்கே கோட்டைத் திருத்தியிருக்கிறார்கள்.

ஆனா அந்தப் பூமி வெறுமனே கிடக்கவில்லை. சாக், மெஸ்குவாக்கி மக்கள் அங்கே சோளம் போட்டு வாழ்ந்தவர்கள். 1832-ல் நடந்த பிளாக் ஹாக் போரில் தோற்றதும் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே ஒரு பெரிய பட்டையை எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த வருஷமே குடியேறிகள் வந்துவிட்டார்கள். மெஸ்குவாக்கிகள் 1857-ல் டாமா கவுண்டியில் 80 ஏக்கரைக் காசு கொடுத்து வாங்கினார்கள். தங்கள் நிலத்தையே கிரயம் பண்ணி வாங்கியிருக்கிறார்கள்! இன்னைக்கு அது 8,000 ஏக்கருக்கு மேல் வளர்ந்திருக்கிறது. அந்த வழியாப் போகும்போது வண்டியை மெதுவா ஓட்டச் சொன்னேன்.

அயோவாவில் 1935-ல் சுமார் 2.2 லட்சம் பண்ணைகள். 2022-ல் சுமார் 87,000. நிலம் அந்த அளவுக்குக் குறையவில்லை, சம்சாரிகள்தான் குறைந்தார்கள். காட்டுக்கு நடுவே சதுரமாக நாலு வரிசை மரம் நிற்கும். காத்துத் தடுப்புக்கு வீட்டைச் சுத்தி வச்ச மரங்கள். உள்ளே வீடு இருக்காது.

ராத்திரி கவுண்டி பூங்காவில் கூடாரம் அடித்தோம். பக்கத்தில் ஒரு வயசான விவசாயி பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார். எனக்கு எவ்வளவு நிலம் என்று கேட்டார்.

"நாலு ஏக்கர்."

"நானூறா?"

"இல்லைங்க, நாலுதான்."

கொஞ்ச நேரம் நெருப்பைக் கிளறினார். அவங்க அப்பா 160 ஏக்கரில் ஏழு பிள்ளைகளை வளர்த்தாராம். இவரிடம் 900 ஏக்கர் இருந்தும் மகன் டவுனில் வேலைக்குப் போய்விட்டானாம். பிறகு, நாலு ஏக்கரில் என்ன போடுவீங்க என்று கேட்டார். வாழை, கொஞ்சம் மஞ்சள், வரப்பில் தென்னை என்று சொல்ல ஆரம்பித்தேன். தங்கச்சி மகன் மொழிபெயர்த்து முடிக்கையில் மணி பன்னிரண்டு.