தவறிய குறி

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி, அருகிலிருந்த புற்றின் உடும்பில் போய் நின்றதாகப் புறநானூற்றின் 152ஆம் பாடல் கூறும். பாடியவர் வன்பரணர். கொங்கு நாட்டு வேட்டையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குவர். நமது அக்கறையோ, தைத்த அம்பில் அன்று, தவறிய குறியில்.

தவறுதலை நம் மரபு ஒளித்ததில்லை. முயலை வீழ்த்திய அம்பைவிட யானைக்கு எறிந்து தப்பிய வேலையே 772ஆம் குறளில் வள்ளுவர் உயர்த்துகிறார். ஒலியை நம்பித் தசரதன் எய்தது முனிவரின் மகனை. பாண்டு எய்த மானோ மானுருக் கொண்ட முனிவன். இவ்விரு பிழைகளும் இல்லையேல் இரண்டு இதிகாசங்களும் வேறு கதைகளாகியிருக்கும்.

கணபதியில் நின்று வடமேற்கே நோக்கினால், வானம் தெளிந்த நாளில் நீலமலை தெரியும். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் அங்கு ஏறியபின், வெள்ளை அதிகாரிகள் துப்பாக்கியோடு சென்றனர். அவர்கள் தேடியவற்றுள் கடமான் முதன்மையானது. சென்னைப் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன் 1844 முதல் 1870 வரை எழுதிய வேட்டைக் குறிப்புகள் 1892இல் நூலாயின.

அம்மலையில் குறி தவறக் காரணங்கள் பல. கடமான் சோலைக்காட்டின் விளிம்புக்கு வருவது அந்தியிலும் விடியலிலும். மங்கிய ஒளியில், குழல் நுனியிலுள்ள முளை பின்தகட்டின் வெட்டுக்குள் தென்படாது. அதைக் காணும் ஆவலில் கண் முளையைச் சற்றே உயர்த்தும். குழலும் உடன் உயரும். குண்டு மானின் முதுகுக்கு மேலே பறக்கும். சரிவில் கீழ்நோக்கிச் சுட்டாலும் இதே கதிதான். குண்டு தாழ்வது கிடைத்தூரத்தைப் பொறுத்தது. சுடுபவர் கணிப்பதோ சாய்ந்த தூரத்தை. கரிமருந்துக் காலத்துக் குண்டு மெதுவாகச் சென்று விரைவில் தாழும். ஆகவே தூரத்துக்கொன்றாகப் பல மடக்குத் தகடுகளைப் பின்னே பொருத்தினர். பதற்றத்தில் வேறொரு தகட்டை நிமிர்த்தியவர் பாடு சொல்லவேண்டியதில்லை. பருவமழை ஈரத்தில் மரக்கட்டை ஊதிக் குழலை நெருக்கினால், முந்தைய மாதம் சரியாயிருந்த குறி இம்மாதம் விலகும். பின்னாளில் வந்த தொலைநோக்கிக் குறியும் பனிமூட்டத்தில் மங்கியது. குதிரை முதுகில் ஓர் இடி பட்டாலே இடம் பெயர்ந்தது.

முற்றிலும் தவறினால் மானுக்கு நன்மை. கேடு, சிறிதே தவறுவதில். வயிற்றிலோ காலிலோ குண்டேந்திய கடமான் சோலைக்குள் புகுந்துவிட்டால், கண்டெடுப்பது அரிது. பாண்டு எய்த மான் இறக்குமுன் பேசிச் சாபமும் இட்டது. இதற்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஹாமில்டனின் நூல் வந்த அதே 1892இல், ரோலண்ட் வார்டு உலக வேட்டை விலங்குகளின் கொம்பளவுகளைத் தொகுத்து இலண்டனில் வெளியிட்டார். காயத்தோடு மறைந்தவற்றுக்கு அதில் ஏது இடம்?

விலங்குகள் அருகியது கண்டு வேட்டைக்காரர்களே 1877இல் நீலகிரியில் சங்கம் அமைத்தனர். 1879இல் சட்டம் வந்தது. அது வேட்டைக்கான பருவத்தையும் உரிமத்தையும் வரையறுத்தது. உரிமம் பெற்றவர் கைக்குறியை எந்தச் சட்டம் வரையறுக்கும்? 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின், அந்த உரிமமே இல்லாது போயிற்று.