கல்லுப்பட்டியில் ஒரு சீடர்: ஜே. சி. குமரப்பா

திருப்பரங்குன்றம் என்றவுடன் நம் நினைவில் எழுவது முருகாற்றுப்படை. ஆறு படைவீடுகளுள் முதலாவதாக நக்கீரர் பாடிய குன்று இது. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி காட்டுவது ஆற்றுப்படை என்று இலக்கணம் கூறும். அக்குன்றைச் சுற்றியுள்ள சாலைகளில் வேறொரு வழிகாட்டியைப் பின்பற்றியவர்களும் நடந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை.

மதுரையிலிருந்து குன்றத்திற்கு வரும் வழியில் பசுமலை இருக்கிறது. அமெரிக்க மதுரை மிஷன் 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிய இறையியல் பள்ளி 1845இல் இங்கே இடம் பெயர்ந்தது. அதற்கும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் முன்பாக, 1606இல், மதுரைக்கு வந்த இராபர்ட் தே நொபிலி காவியுடுத்து, புலால் நீக்கி, துறவியாய் வாழ்ந்தார். பழைய தமிழ் விவிலியத்தில் 'சீஷர்' என்றும், கத்தோலிக்க வழக்கில் 'சீடர்' என்றும் வழங்கும் சொல்லுக்கு இந்த மண்ணில் பலர் பலவாறு பொருள் கண்டிருக்கின்றனர். உடையில் கண்டவர் உண்டு, கல்விப் பணியில் கண்டவர் உண்டு. கணக்கேட்டில் கண்டவர் ஒருவர்தாம்.

குன்றத்தைக் கடந்து தெற்கே திருமங்கலம் சென்று, அங்கிருந்து இராசபாளையம் சாலையில் போனால் தே. கல்லுப்பட்டி வரும். அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தவர் ஜே. சி. குமரப்பா. காந்தியப் பொருளியல் அறிஞர் என்று பாடநூல்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும். அவர் வாழ்நாள் முழுவதும் கிறித்தவராகவே வாழ்ந்தார் என்பதும், தம் பொருளியலை இயேசுவின் போதனையிலிருந்து பிரித்துப் பார்க்கவே இல்லை என்பதும் அந்த ஒரு வரியில் அடங்குவதில்லை.

1892 சனவரி 4இல் தஞ்சாவூரில் பிறந்தார். அப்போது பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தை பொதுப்பணித் துறை அலுவலர். வசதியான, ஆங்கிலம் புழங்கிய குடும்பம். இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றார். பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். 1927இல் அமெரிக்கா சென்று சிராக்யூஸிலும், பின்னர் கொலம்பியாவில் பேராசிரியர் செலிக்மனிடமும் பயின்றார். இந்தியாவின் வறுமைக்கும் அரசின் வரி, செலவுக் கொள்கைக்கும் உள்ள தொடர்பை அங்கே ஆராயத் தொடங்கியதுதான் திருப்பம். கணக்குத் தெரிந்த ஒருவர் பேரரசின் கணக்கைத் திறந்து பார்த்தார். அதன்பின் அவரால் பழையபடி இருக்க இயலவில்லை. கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டுக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை ஏற்றார்.

1929 மே மாதம் அந்த ஆய்வோடு காந்தியைக் காணச் சபர்மதி சென்றார். மேனாட்டு உடை, கையில் தடி. மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவரை யாரோ என்று எண்ணிச் சிறிது நேரம் நின்றிருக்கிறார். அவர்தான் காந்தி என்று தெரிந்தபின், கலையாத உடையோடு அப்படியே தரையில் அமர்ந்தார். குஜராத்தி தெரியாத அவரிடம் குஜராத்தின் மாத்தர் வட்டக் கிராமங்களைக் கணக்கெடுக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. வித்யாபீடத்து மாணவர்கள் துணை நின்றனர். ஏழை உழவனின் வரவு செலவை வீடு வீடாகச் சென்று எழுதிய அனுபவம் அவரைச் செதுக்கியது என்றே நாம் கருதுகிறோம்.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. இந்தியத் திருச்சபையின் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட், சட்ட மறுப்புக் கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாதது என்ற நிலையை எடுத்தார். குமரப்பா அவருக்கு மறுப்பு எழுதினார். அநீதியான அதிகாரத்துக்கு வன்முறையின்றிப் பணிய மறுத்துத் துன்பத்தைத் தானே ஏற்பது இயேசுவின் வழியே அல்லவா என்பது அவர் வாதத்தின் சாரம். சொந்தத் திருச்சபையின் தலைமைக்கு ஒரு கணக்காயர் எழுதிய கடிதம் அது. ஆட்சியாளரின் சமயமும் தம் சமயமும் ஒன்றாக இருந்த நிலையில், ஆட்சியாளரை எதிர்ப்பவர் தம் சுற்றத்தையும் இழக்க நேர்ந்தது. இந்துவாகவோ முகமதியராகவோ இருந்து சிறை சென்றவர்களுக்கு நேராத ஒரு தனிமை இது. அதற்குப் பின் அவர் பலமுறை சிறை சென்றார்.

நம் பகுதியிலேயே அதே ஆண்டில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். மதுரை மிஷனில் பணிபுரிந்த அமெரிக்கர் ரால்ஃப் ரிச்சர்டு கெய்த்தான், காந்தியின் கடிதத்தை வைசிராய் இர்வினிடம் கொண்டு சென்ற ஆங்கிலேய இளைஞர் ரெஜினால்டு ரெனால்ட்ஸுக்குத் தம் வீட்டில் விருந்தளித்தார். அந்த விருந்தோம்பலுக்காக அவர் நாட்டை விட்டே போக வேண்டியிருந்தது. திரும்பி வந்தார், 1944இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார், விடுதலைக்குப் பின் மறுபடியும் வந்து காந்திகிராமத்தில் பணியாற்றினார். விருந்தினரை ஏற்பதற்கு இவ்வளவு விலையா என்று வியக்கத் தோன்றுகிறது.

குமரப்பாவை அறிய 1934ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றே போதும் என்பது நம் எண்ணம். அவ்வாண்டு சனவரி 15இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம். இராசேந்திர பிரசாத் தலைமையில் திரட்டப்பட்ட நிவாரண நிதியின் கணக்கு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு நாளொன்றுக்கு இத்தனை அணா என்று வரம்பு வகுத்தார். பின்னர்க் காந்தியே தம் குழுவினருடன் பீகார் வந்தார். பாலும் பழமுமாக அந்தக் குழுவின் செலவு வரம்பைத் தாண்டும். அதை நிவாரண நிதியிலிருந்து தர இயலாது என்று மகாதேவ தேசாயிடம் குமரப்பா சொல்லிவிட்டார். காந்தி இதைக் கேட்டுத் தம் குழுவினரின் செலவைத் தாமே ஏற்கும்படி செய்தார் என்பர். இன்னொரு நாள், முன்னறிவிப்பின்றி அழைத்த காந்தியைக் காணவும் கணக்கு வேலையை விட்டு வர நேரமில்லை என்று மறுத்தாராம்.

இவை வேடிக்கைக் கதைகளாகச் சொல்லப்படுவதுண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. இடிந்த வீட்டின் முன் நிற்பவனுக்கென்று யாரோ கொடுத்த காசு அது. அதில் ஓர் அணா கூடத் தலைவருக்காகக் கூட வழிமாறக் கூடாது. தாம் வணங்கிய மனிதரிடமும் அவர் அதில் சலுகை காட்டவில்லை. கூடாரத்துக்கு வெளியே பசித்திருப்பவனையே முதலில் நினைக்கும் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சிறுவயதிலிருந்து கேட்ட நற்செய்தியிலிருந்து என்றே அவர் சொல்லியிருப்பார் என நம்புகிறோம்.

1942இல் மீண்டும் கைதாகி ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது இரு நூல்களை எழுதினார். ஒன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. மற்றொன்று இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது. இரண்டும் 1945இல் வெளிவந்தன, இரண்டிற்கும் முன்னுரை காந்தி. முதல் நூல் புலியின் வாழ்வு, குரங்கின் வாழ்வு, பறவையின் வாழ்வு, தேனீயின் வாழ்வு, குஞ்சுக்கு இரையூட்டும் தாயின் வாழ்வு என்று பொருளாதார முறைகளைப் படிநிலைகளாக வகுக்கிறது. கொன்று தின்பது ஒரு முனை, கைம்மாறு கருதாது ஊட்டுவது மறுமுனை. இரண்டாம் நூல் இந்த மறுமுனையை அன்றாட வாழ்வில் நடத்திக்காட்டும்படி திருச்சபையைக் கேட்கிறது. ஒரே சிறையறையில் பிறந்த இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். தனித்தனியே படிப்பவர்கள் பாதிக் குமரப்பாவையே காண்கிறார்கள்.

இங்கே நமக்கு ஒரு தயக்கமும் உண்டு. நிறுவனத் திருச்சபையை அவர் சாடியது நியாயமே. ஆயினும் வசதியான குடும்பத்தில் பிறந்த அவருக்கு அது எளிது. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட ஒரு குழந்தைக்கு மிஷன் பள்ளியின் கரும்பலகைதான் முதல் மரியாதையாக இருந்தது. அந்தப் பள்ளியின் வெளிநாட்டுப் பணமும், அதற்கு ஆட்சி தந்த பாதுகாப்பும் அக்குழந்தைக்குக் கறையாகத் தெரிந்திருக்க முடியாது. குமரப்பாவின் கணக்கேட்டில் இந்த வரவு போதிய அளவு எழுதப்படவில்லை என்பது நம் கருத்து.

விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1949இல் வந்த அதன் அறிக்கை நில உச்சவரம்பை வற்புறுத்தியது. நாடோ பேராலைகளின் பக்கம் திரும்பியது. கைக்குத்தலரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம் என்று அவர் பேசியவை பழமைவாதம் என்று ஒதுக்கப்பட்டன. (பனைவெல்லம் உண்டால் கரும்பு விளையும் நன்செயில் நெல் விளையும் என்ற அவர் வாதத்தைப் பழமைவாதம் என்று சொல்ல நம்மால் இயலவில்லை.) உடல்நலம் குன்றிய நிலையில், திருமணமே செய்துகொள்ளாத அந்த மனிதர், கல்லுப்பட்டி ஆசிரமத்துச் சிறு குடிலுக்கு வந்து சேர்ந்தார். வேங்கடாசலபதி 1940இல் நிறுவிய ஆசிரமம் அது.

குடிலுக்கு வருவோருக்கு அவர் இரண்டு படங்களைக் காட்டுவாராம். ஒன்று காந்தியின் படம். அவர் என் தலைவர் என்பார். மற்றொன்று பெயர் தெரியாத ஓர் ஏழை உழவனின் படம். அவர் என் தலைவரின் தலைவர் என்பார்.

1960 சனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே நாளில், சென்னை அரசு பொது மருத்துவமனையில் குமரப்பா காலமானார்.